மட்டக்களப்புக் குடும்பமொன்றின் வேரை அங்கிலிக்கன் பதிவேடுகளில் தேடுவது எப்படி

மட்டக்களப்பில் ஒருவருடைய வேரை விசாரிக்கும் பெரியவர்கள் முதலில் குடியைத்தான் கேட்பார்கள். குடி என்பது தாய்வழியில் வரும் குலப்பிரிவு. அங்கிலிக்கன் திருச்சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினரின்) பழைய பதிவேடுகளோ இங்கிலாந்தின் படிவ முறையைத் தழுவி, தந்தையின் பெயரையும் அவருடைய தொழிலையும் முன்னிறுத்தி எழுதப்பட்டவை. இந்த இரண்டு கணக்குகளையும் பொருத்திப் பார்க்கத் தெரியாதவர் பதிவேட்டில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பாதிக் குடும்பத்தைத்தான் கண்டுபிடிப்பார். எங்கள் வீட்டு வேதாகமத்தின் முன்பக்கத்தில் அம்மம்மா எழுதி வைத்திருந்த பிறப்பு நாட்கள் 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்து அழிந்துபோன பிறகு, அவற்றை மீட்கப் பதிவேடுகளைத் தேடிப்போன அனுபவத்திலிருந்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

தேடலைத் தொடங்குமுன் உங்கள் முன்னோர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஊரில் எல்லாரையும் "வேதக்காரர்" என்ற ஒரே சொல்லால் அழைத்த காலம் இருந்ததால், இந்த இடத்தில் தவறு நேர்வது மிக எளிது. கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இங்கு வேரூன்றியது. மெதடிஸ்தப் பணி 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கியதோடு தொடங்கியது. அங்கிலிக்கன் வழிபாடு இந்தத் தீவுக்குப் பிரித்தானிய ஆட்சியாளரின் சமயமாக வந்தது. புளியந்தீவிலுள்ள புனித அந்திரேயர் ஆலயம் அந்த மரபைச் சேர்ந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சபையிலும் தம்பி வேறொரு சபையிலும் இருந்திருக்கலாம் என்பதையும், பெண் மணமுடித்த பின் சபை மாறியிருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் தேடும் ஆண்டில் திருச்சபை யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதை அறிந்திருப்பது உதவும். மட்டக்களப்புக் கோட்டை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு வந்தது. அதன் பின் அரச சம்பளம் பெற்ற குருமார் இலங்கையில் பணிபுரிந்தனர்; அவர்களுடைய பேராயரோ (பிஷப்) கடல் கடந்து இருந்தார். கல்கத்தாவும், 1835இலிருந்து சென்னையும் பேராயரின் இருப்பிடமாக இருந்தன. 1845இல்தான் கொழும்பு தனி மறைமாவட்டமாகி, ஜேம்ஸ் சப்மன் அதன் முதற்பேராயரானார். ஞானஸ்நானம் பெற்றவரைச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தலை வழங்குபவர் பேராயரே ஆகையால், அந்த ஆரம்பக் காலத்தவர் ஒருவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைத்துத் திடப்படுத்தல் பதிவு கிடைக்காவிட்டால் அவர் சபையை விட்டு விலகினார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேராயர் வராததே காரணமாக இருக்கலாம். தமிழ்க் குருமாரின் பெயர்களும் பழைய ஏடுகளில் வரும். தஞ்சைப் பக்கத்து மிஷனில் வளர்ந்து இலங்கையில் பணியாற்றிய கிறிஸ்தியான் தாவீது 1824இல் கல்கத்தாவில் பேராயர் ஹீபரிடம் குருவாக அருட்பொழிவு பெற்றவர்.

ஆலயத்துக்குச் செல்லுமுன் குருவானவருக்குக் கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். மாரி காலத்தைத் தவிர்த்து, வறண்ட கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் போவது நல்லது. ஈரம் ஏறிய பழைய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புரட்டும்போது கிழிந்துவிடும். பேனா கொண்டுபோகாமல் பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். விரலை நாவில் நனைத்துத் தாள் புரட்டும் பழக்கம் இருந்தால் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பதிவுகளைப் படம் எடுப்பது முறையன்று.

ஞானஸ்நானப் பதிவேட்டில் தொடங்குவதே சிறந்தது. இங்கிலாந்தில் 1813இலிருந்து பயன்பட்ட அச்சுப் படிவத்தில் ஞானஸ்நான நாள், பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், வசிப்பிடம், தொழில், நடத்திய குருவின் பெயர் ஆகிய நிரல்கள் இருந்தன. அந்த நிரல்களை முன்கூட்டியே அறிந்திருந்தால் மங்கிய கையெழுத்தையும் ஓரளவு ஊகிக்க முடியும். தாயின் பெயர் ஞானஸ்நானப் பெயராக மட்டும் நிற்பதுண்டு, அவருடைய தந்தை யார், குடி எது என்பவற்றுக்கு இடமே இராது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஞானப் பெற்றோரின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தால் அவற்றைக் கட்டாயம் பிரதி செய்யுங்கள். 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம் ஆண் குழந்தைக்கு இரண்டு ஞானத் தகப்பன்மாரும் ஒரு ஞானத் தாயும், பெண் குழந்தைக்கு ஒரு ஞானத் தகப்பனும் இரண்டு ஞானத் தாய்மாரும் வேண்டும் என்று விதித்தது. தாய்மாமனும் பெரியம்மாவும் அந்த இடத்தில் நின்றிருந்தால், பதிவேடு சொல்லாத தாய்வழி உங்களுக்கு அங்கே கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி, அம்மம்மாவின் ஞானத் தாய் அவருடைய தாயின் உடன்பிறந்தவரே என்று கண்ட அந்த ஒரு வரிதான்.

பெயர்களை ஒலியால் தேடுங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருடைய காதில் விழுந்த தமிழ்ப்பெயர் ஒவ்வொரு ஏட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். ழகரமும் ளகரமும் ஒரே எழுத்தாகிவிடும், "போடி" (நிலக்கிழார்) என்ற முடிவு சில இடங்களில் தனிச்சொல்லாகப் பிரிந்து நிற்கும். வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவர் புதுப்பெயர் எடுத்திருப்பார், பழைய பெயர் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது முற்றாக மறைந்திருக்கலாம்.

ஞானஸ்நான நாளைப் பிறந்த நாளாகக் கொள்ளாதீர்கள். பிறந்த பின் வரும் முதலாம் அல்லது இரண்டாம் ஞாயிறுக்கு மேல் தாமதிக்க வேண்டாம் என்று அதே ஜெபப் புத்தகம் அறிவுறுத்திய போதிலும், வாவியைக் கடந்து அதன் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குக் குருவானவர் எப்போதாவது ஒருமுறைதான் போய்வந்திருப்பார் என்றால், ஒரே நாளில் பல பிள்ளைகளுடைய பெயர்கள் வரிசையாக நிற்கும். அவர்களுடைய வயதுகள் பெரிதும் வேறுபட்டிருக்கும். நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுப்பதும் பின்னர் அதை ஆலயத்தில் சபையார் முன் ஏற்றுக்கொள்வதும் வழக்கமாகையால், ஒரே பிள்ளைக்கு இரண்டு நாட்கள் காணப்பட்டால் குழம்ப வேண்டாம்.

நாள் எழுதாமல் திருவழிபாட்டு ஆண்டின் ஞாயிறை மட்டும் குறித்த இடங்களும் வரலாம். திரித்துவ ஞாயிறு உயிர்த்த ஞாயிறிலிருந்து எட்டு வாரங்களுக்குப் பின் வருவது. 1850இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 31. ஆகவே திரித்துவ ஞாயிறு மே 26, "திரித்துவத்துக்குப் பின் ஆறாம் ஞாயிறு" ஜூலை 7 ஆகும். இவ்வாறு கணக்கிட, உங்களுக்கு வேண்டிய ஆண்டின் உயிர்த்த ஞாயிறு எந்த நாள் என்பது தெரிந்தால் போதும்.

திருமணப் பதிவேட்டில் வசிப்பிடத்தைக் கவனியுங்கள். மட்டக்களப்பில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியிருப்பது பழைய வழக்கம். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். ஆகவே திருமணத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பதிவில் இருக்கும் ஊர் பெரும்பாலும் தாயின் ஊர். தந்தையின் ஊரில் அடுத்த தலைமுறையைத் தேடிக் களைத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வாசிக்கப்பட்ட திருமண அறிவிப்புக்குத் தனி ஏடு இருந்தால் அதையும் கேளுங்கள். சாட்சிகளின் பெயர்களை விட்டுவிடாதீர்கள்; கையெழுத்துக்குப் பதில் வெறும் குறியிட்டவர்கள் உங்கள் கொள்ளுப்பாட்டிகளாக இருக்கலாம்.

அடக்கப் பதிவேட்டில் விவரம் குறைவு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்கும் தற்கொலை செய்தவருக்கும் 1662 முறைப்படி அடக்க ஆராதனை இல்லை. அந்தப் பெயர்கள் அங்கே இல்லாதிருப்பதை அந்த அறிவோடு வாசியுங்கள்.

இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்த பின்புதான் வயதான பெண்களிடம் போக வேண்டும், அதற்கு முன்பன்று. "எங்கட குடி என்ன, அம்மம்மா?" என்று வெறுங்கையோடு கேட்டால் ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். பதிவேட்டிலிருந்து எடுத்த மூன்று பெயர்களை வாசித்துக் காட்டினால், அவற்றில் ஒருவரை அவர்கள் கட்டாயம் அறிந்திருப்பார்கள், அவருடைய தாயின் பெயரும் அந்தத் தாயின் வளவும் (வீட்டு நிலமும்) அந்த வாயிலிருந்தே வரும். அதை அன்றிரவே எழுதி, பதிவேட்டின் பக்க எண்ணையும் ஆண்டையும் அருகில் குறித்து, தட்டச்சு செய்த பிரதி ஒன்றைக் குருவானவரிடம் ஒப்படையுங்கள்.