கொசுவலைக்குள் படுத்தும் கடி வாங்குவது ஏன்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர் பக்கத்து இளைஞர்கள் பாயும் பாத்திரமுமாக ஆற்றோரம் கிளம்பிவிடுவார்கள். குவாலா வோ, லாத்தா இஸ்கண்டார், அதுவும் இல்லையென்றால் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஓடும் ஏதோ ஓர் ஓடை. கூடாரத்துக்குள் புழுக்கம் தாங்காமல் பாதிப் பேர் வெளியே பாயை விரித்து, மேலே கொசுவலையைக் கட்டிப் படுத்துக்கொள்வார்கள். காலையில் பார்த்தால் முழங்கையிலும் கால்விரலிலும் வரிசையாகத் தடிப்பு. பழி வலை மேல் விழும். பல நேரம் வலையில் குறை இருக்காது, கட்டிய விதத்தில்தான் இருக்கும்.

முதலில், உடம்பு வலையில் ஒட்டக்கூடாது. கொசு உள்ளே வரவேண்டும் என்ற அவசியமே இல்லை. முழங்கை வலையில் சாய்ந்திருந்தால், வெளியே உட்கார்ந்தபடியே கண்ணி வழியாக ஊசியை இறக்கிவிடும். ஒற்றைக் கயிற்றில் குடைபோலத் தொங்கும் வட்ட வலை கட்டிலுக்குச் சரி. தரையில் இரண்டு பேர் படுத்தால் தலைப்பக்கம் முகத்திலும் கால்பக்கம் காலிலும் வந்து ஒட்டும். வெளியே படுக்க நான்கு மூலையிலும் கயிறு கட்டுகிற பெட்டி வடிவ வலைதான் நல்லது. பாயைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாணாவது அகலம் இருக்கட்டும். கயிறு கட்டச் செம்பனை மட்டையைத் தேடாதீர்கள். அடிமட்டை முள் வலையைக் கிழித்துவிடும். நான்கு மூங்கில் கழி வெட்டி ஊன்றுவது பத்து நிமிட வேலை.

இரண்டு மரங்களுக்கு நடுவே துணித் தொட்டில் கட்டிப் படுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மேலே வலை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், கடி முதுகில் விழும். மெல்லிய துணி உடம்போடு இறுகியிருப்பதால் கொசு கீழிருந்தே குத்தும். தொட்டிலைச் சுற்றி அடிவரை மூடுகிற வலை வேண்டும். இல்லையென்றால் முதுகுக்குக் கீழே தடித்த விரிப்பு ஒன்றைப் போடுங்கள்.

அடுத்தது கீழ் விளிம்பு. புல்தரை சமமாக இருக்காது. வலையைச் சும்மா தொங்கவிட்டால் அங்கங்கே இரண்டு விரல் இடைவெளி நிற்கும், கொசுவுக்கு அதுவே தாராளம். அடியில் தார்ப்பாய் விரித்து, வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். இருட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டு, படுக்கப் போகும்போது ஒரு பக்கம் மட்டும் தூக்கி நுழையுங்கள். உள்ளே போனதும் டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். வெள்ளை வலையில் கொசு பளிச்சென்று தெரியும், கறுப்பு வலையில் தேடிக் களைத்துப்போவீர்கள்.

சரி, வலை எது? சேலைக்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் அலங்கார வலைத்துணி வேண்டாம். கண்ணி பெரிது, இழுத்தால் இன்னும் விரியும். சதுர அங்குலத்துக்கு 156 கண்ணி என்பது கொசுவலைக்கு வழக்கமான அளவு. கொசுவை அது தடுக்கும். ஆனால் ஆற்றோர மணலில் வரும் பொடிப்பூச்சி, மலாய்க்காரர்கள் ‘அகாஸ்’ என்பார்களே, அது இந்தக் கண்ணியில் சுலபமாக நுழையும். அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். காற்று குறையும், புழுங்கும். அகாஸ் கடித்துச் சொறிந்தவர்கள் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்.

வலைக்குள் கொசுவத்தி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பாலியெஸ்டர் வலை, பக்கத்தில் நெருப்பு, நடுவில் தூங்கும் மனிதர். இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

பெரிய தவறு, வலையைத் தூங்கும் நேரத்துச் சாமான் என்று நினைப்பது. கைவிட்ட கித்தா (ரப்பர்) தோட்டத்தில் மரத்தில் தொங்கும் பால் மங்குகளில் மழைநீர் தேங்கி, டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அதில் பெருகும். அது கடிப்பது பகலில், விடிந்த கொஞ்ச நேரத்திலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னும் அதிகம். ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் வலையைச் சுருட்டிவிட்டு அரைக்கால் சட்டையோடு தே கலக்கிக் குடிக்கிற நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். மத்தியானம் மரத்தடியில் குட்டித்தூக்கம் போடுவோரும், முக்கியமாகக் குழந்தைகளும், வலைக்குள் படுப்பது நல்லது. படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள மங்கு, டின், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

அப்புறம் மலேரியா. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டிலேயே பரவும் மலேரியா பதிவாகவில்லை. அதனால் மலேரியாவே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். குரங்கு மலேரியா போகவில்லை. நீள்வால் குரங்குகளின் உடம்பில் இருக்கும் நோலெசி என்ற கிருமி கொசு வழியாக நமக்கும் தொற்றுகிறது. மனிதருக்கு இயற்கையாகத் தொற்றியதை முதலில் கண்டது 1965இல், பகாங் காட்டில் தங்கிவிட்டுப் போன ஓர் அமெரிக்கரிடம். பிறகு 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் ஏராளமான நோயாளிகளிடம் அது இருப்பது வெளிவந்தது. இதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்கள் காட்டோரத்தில், வீட்டுக்கு வெளியே, இருட்டத் தொடங்கியதுமே கடிக்க ஆரம்பித்துவிடும். கோழி வாட்டிக்கொண்டு பாட்டுப் பாடும் நேரம் அது. வலை அப்போது மடித்தபடியே பையில் கிடக்கும். அந்த நேரத்துக்கு முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு இவைதான் உதவும்.

மருந்திட்ட வலை வாங்கினால் நல்லது, சிறு ஓட்டை இருந்தாலும் காக்கும். அதை ஆற்றில் அலசாதீர்கள், அந்த மருந்து மீனுக்கு விஷம். சோப்பு நீரில் மெதுவாகக் கசக்கி நிழலில் காயவிடுங்கள். வெயில் பட்டால் மருந்தின் வீரியம் குறையும்.

திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம். நோலெசி கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், உடம்பு சீக்கிரம் மோசமாகும். கிளினிக்கில் “காட்டோரம் தங்கினேன்” என்று நீங்களே சொல்லுங்கள். சொன்னால்தான் டிங்கியோடு மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கத் தோன்றும்.