ஒருவர் அருமை என்கிறார், இன்னொருவர் குப்பை என்கிறார்: எந்த மானிட்டரை வாங்குவது?

மானிட்டர் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் தலை சுற்றிவிடும். ஒரு விமர்சகர் கருவி வைத்து அளந்து பார்த்து, இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடையாது என்று முடித்திருப்பார். அதே மாடலை வாங்கிய ஒருவர், எழுத்தெல்லாம் மங்கல், கண் எரிகிறது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்று புலம்பியிருப்பார். மூன்றாமவர் ஐந்து நட்சத்திரம் போட்டு 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லோடு போயிருப்பார்.

பெரும்பாலும் எல்லோருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. மாடல் ஒன்றுதான், ஆனால் பார்த்த அறை வேறு, மாட்டிய கேபிள் வேறு, செட்டிங் வேறு, செய்த வேலை வேறு. அதனால் நட்சத்திரங்களைக் கூட்டிச் சராசரி பார்ப்பதில் பயனில்லை. சொல்பவர் எந்தச் சூழ்நிலையில் இருந்து சொல்கிறார், அது நம் சூழ்நிலைதானா என்று பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: ரிவ்யூ படிக்கும் முன் உங்கள் தேவையை எழுதுங்கள்

ஒரு துண்டுத் தாள் போதும். நாளில் அதிக நேரம் திரையில் ஓடப்போவது எது? எழுத்தா, விளையாட்டா, வீடியோவா, படத் திருத்தமா? 'எல்லாம்தான்' என்று எழுதாதீர்கள். எட்டு மணி நேரம் எக்செல், ஒரு மணி நேரம் கேம் என்றால் நீங்கள் தேடுவது எக்செல்லுக்கான மானிட்டர்.

அடுத்து அறை. பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுமா, இல்லை இரவில் விளக்கை அணைத்துவிட்டு உட்காருபவரா? பிறகு உங்கள் கணினியில் இருக்கும் போர்ட்: எச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளே போர்ட்டா, யூஎஸ்பி-சியா? விண்டோஸா, மேக்கா? கடைசியாக, கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து எழுதிவிடுங்கள். இந்தத் தாளை வைத்துத்தான் மற்றவர்களின் கருத்தை வடிகட்டப் போகிறோம்.

படி 2: அளவையும் ரெசல்யூஷனையும் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள்

இதற்கு யாருடைய கருத்தும் தேவையில்லை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதுதான் எழுத்தின் கூர்மையைத் தீர்மானிக்கிறது. 24 அங்குலத்தில் 1080பி (1920×1080 பிக்சல்) என்றால் சுமார் 92. அதே 1080பியை 27 அங்குலத்துக்கு நீட்டினால் 82 ஆக இறங்கிவிடும். எழுத்தின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரிய ஆரம்பிக்கும். 27 அங்குலத்தில் 1440பி (2560×1440) சுமார் 109, 4கே (3840×2160) சுமார் 163. 32 அங்குலத்தில் 1440பி எடுத்தால் மறுபடி 92தான்.

நாள் முழுக்க எழுத்து படிப்பவர் 27 அங்குலத்தில் 1080பி எடுக்காமல் இருப்பது நல்லது. 'எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தள்ளி உட்கார்ந்து கேம் விளையாடுபவராக இருக்கலாம். இன்னொன்று: 27 அங்குல 4கே திரையில் எழுத்து பொடியாகிவிடும் என்பதால் விண்டோஸில் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைக்க வேண்டிவரும். 4கேயில் எழுத்தே படிக்க முடியவில்லை என்று குறை சொல்பவர் பல நேரம் இதைச் செய்யாதவர்.

படி 3: பேனல் எது என்று பாருங்கள்

பேனல் என்பது மானிட்டரில் படம் காட்டும் பகுதி; ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி, டிஎன் என்று அதில் வகைகள் உண்டு. பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். ஐபிஎஸ் பேனலில் நிறமும் பக்கவாட்டுப் பார்வையும் நன்றாக இருக்கும். கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பெரும்பாலும் 1000:1 அளவில்தான். இருட்டறையில் கறுப்பு அடர் சாம்பலாகத் தெரியும், மூலைகளில் ஒரு மங்கல் ஒளி இருக்கும். விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் 3000:1 அல்லது அதற்கு மேல். ஆனால் இருண்ட நிறங்கள் மாறுவதில் மந்தம். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்; பதிலுக்கு, ஒரே படம் நீண்ட நாள் நின்றால் அதன் தடம் பதிந்துவிடும் அபாயம் உண்டு. டிஎன் பேனலைப் பற்றி இன்று அதிகம் பேச வேண்டியதில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும், அவ்வளவுதான்.

ஆக, ஒரு ஐபிஎஸ் மானிட்டருக்கு 'கறுப்பு கறுப்பாக இல்லை' என்று வரும் புகார் அந்த மாடலின் குறை அல்ல, அந்த வகையின் குணம். விஏவுக்கு 'நகரும்போது நிழல் விழுகிறது' என்பதும் அப்படியே. நீங்கள் வெளிச்சமான அறையில் எக்செல் பார்ப்பவர் என்றால் முதல் புகாரைத் தாண்டிப் போகலாம்.

படி 4: ஒவ்வொரு முரண்பாட்டையும் பிரித்துப் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். அடிக்கடி வரும் முரண்பாடுகளை எடுத்துக்கொள்வோம்.

'எழுத்து கூர்மை' என்கிறார் விமர்சகர்; 'மங்கல்' என்கிறார் வாங்கியவர். முதலில் கேபிளையும் செட்டிங்கையும் சந்தேகப்படுங்கள். சில கணினிகள் எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு, நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும். வீடியோவில் இது கண்ணில் படாது. ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், ஓரமெல்லாம் கசிந்து சாயம் போனது போல இருக்கும். கிராபிக்ஸ் செட்டிங்கில் போய் ஆர்ஜிபி, முழு வீச்சு (0 முதல் 255 வரை) என்று மாற்றினால் சரியாகிவிடும். வீச்சு டிவிக்குரிய 16 முதல் 235 வரை என்று நின்றுவிட்டால் கறுப்பும் வெளுத்துப்போகும். 'நிறம் செத்துக் கிடக்கிறது' என்ற புகார்களில் சில இதனால் வருபவை.

கேபிள் சரி என்றால் மேக்கா என்று பாருங்கள். 2018இல் வந்த மொஹாவே பதிப்போடு எழுத்தோரத்தின் படிக்கட்டை மறைக்கும் தன் பழைய முறையை ஆப்பிள் கைவிட்டது. அதனால் அங்குலத்துக்கு 109 பிக்சல் உள்ள திரையில் விண்டோஸ்காரருக்குத் திருப்தியாக இருக்கும் எழுத்து, ஆப்பிளின் பிக்சல் அடர்ந்த ரெட்டினா திரைக்குப் பழகிய மேக்காரருக்கு மங்கலாகத் தெரியும். ஓஎல்இடி என்றால் இன்னொரு காரணமும் உண்டு: அவற்றில் பலவற்றின் சப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் நிறப்புள்ளிகள்) அமைப்பு, விண்டோஸ் எதிர்பார்க்கும் சிவப்பு-பச்சை-நீல வரிசையில் இருக்காது. எழுத்தோரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும். கேம் ஆடுபவர் இதைக் கவனிக்கவே மாட்டார். நிரல் எழுதுபவருக்கு ஒரு நாளில் எரிச்சல் வந்துவிடும்.

அடுத்தது கறுப்பு. ஓஎல்இடியில் ஒரு வகையான கியூடி-ஓஎல்இடி மானிட்டரை எடுத்துக்கொள்வோம். இருட்டறையில் சோதித்தவர் கான்ட்ராஸ்ட்டுக்கு எல்லையே இல்லை என்பார். ஜன்னலோரத்தில் வைத்தவர் கறுப்பு ஊதா கலந்த சாம்பலாகத் தெரிகிறது என்பார். இந்தப் பேனல்களில் வெளி வெளிச்சத்தின் பிரதிபலிப்பைக் குறைக்கும் வழக்கமான போலரைசர் அடுக்கு கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புகிறது. இருவரும் சரி. உங்கள் தாளில் 'ஜன்னல் வெளிச்சம்' என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இரண்டாமவர்தான் முக்கியம், முதலாமவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும்.

'ஒரு மில்லி நொடி' சமாச்சாரம். பிக்சல் எவ்வளவு வேகமாக நிறம் மாறும் என்று பெட்டியில் போட்டிருக்கும் இந்த எண்ணை நான் படிப்பதே இல்லை. ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தை, முதல் 10 சதவீதத்தையும் கடைசி 10 சதவீதத்தையும் விட்டுவிட்டு அளப்பது பழைய வழக்கம். அதிலும் நல்லதாக வந்த ஓர் எண்ணைப் பொறுக்கிப் போடலாம். எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் அது வேறு அளவு, நகரும் படம் எவ்வளவு மங்குகிறது என்பதைச் சொல்வது. பின்விளக்கை இடைவிட்டு இடைவிட்டு எரிய வைத்து வாங்கியது. விஏ பேனல் ஒன்றில் டார்க் மோடு போட்டு, கரும்பின்னணியில் வெள்ளை எழுத்தை வேகமாக உருட்டிப் பாருங்கள். எழுத்துக்குப் பின்னால் கறுப்பு மை இழுபட்டது போல ஒரு வால் வரும். 144 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் திரையில், ஒரு காட்சிக்குக் கிடைப்பது சுமார் 7 மில்லி நொடி. விஏவின் இருண்ட மாற்றங்கள் சிலவற்றுக்கு 30 மில்லி நொடிகூடப் பிடிக்கும். பகல்வெளிச்சக் காட்சிகள் உள்ள கேம் ஆடுபவர் 'ஒரு நிழலும் இல்லை' என்று சத்தியம் செய்வார். அதுவும் உண்மைதான். புகாரில் ஓவர்டிரைவ் (பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் செட்டிங்) எந்த அளவில் இருந்தது என்றும் பாருங்கள். அதை உச்சத்தில் வைத்துவிட்டு, பொருளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிகிறது என்று எழுதுபவர்கள் நிறைய.

'144 ஹெர்ட்ஸ் வாங்கினேன், ஒரு வித்தியாசமும் இல்லை' என்ற புகாரை அப்படியே விட்டுவிடலாம். விண்டோஸ் பல நேரம் 60இலேயே நிற்கும், நாம்தான் போய் மாற்ற வேண்டும். அதேபோல எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே கொடுத்தால் பொதுவாக 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும், பழி மானிட்டர்மீது விழும்.

நிறம். சினிமாவுக்கான டிசிஐ-பி3 நிறப்பரப்பில் 95 சதவீதம் என்று விமர்சகர் மெச்சுவார். வாங்கியவர் முகமெல்லாம் சிவந்து தெரிகிறது என்பார். அகல நிறப்பரப்புள்ள திரையில் எஸ்ஆர்ஜிபி என்ற சாதாரண, சிறிய நிறப்பரப்புக்கான படத்தைக் கட்டுப்படுத்தாமல் காட்டினால் அப்படித்தான் ஆகும். எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா, அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விடுகிறதா என்று ரிவ்யூவில் தேடுங்கள். சில மாடல்களில் அந்த மோடுக்குப் போனதும் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் முறை) பற்றிச் சுருக்கமாக: 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' என்ற ஸ்டிக்கருக்கு லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி) கட்டாயம் இல்லை. அதை நம்பி எச்டிஆருக்காக வாங்காதீர்கள். ஓஎல்இடியில் 1000 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) என்று வரும் எண், திரையின் இரண்டு மூன்று சதவீத இடம் மட்டும் ஒளிரும்போது கிடைப்பது. முழு வெள்ளைத் திரையில் 250 நிட் அளவிலேயே நின்றுவிடும் மாடல்கள் பல. 'மங்கலாக இருக்கிறது' என்பவர் வேர்டு திறந்து வைத்திருப்பார்.

கண் வலிப் புகாரை மட்டும் நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். பல திரைகள் பிரைட்னஸை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தே வருகின்றன. சாதாரண அறைக்கு 100 முதல் 120 நிட் வரை போதும், குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்கப் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கும். எல்லோர் கண்ணிலும் இது படாது, ஆனால் சிலருக்குத் தலைவலியே வரும். உங்களுக்கு அப்படி வரும் என்றால் பத்துப் பேர் பாராட்டினாலும் பயனில்லை. இப்படி அணைத்து எரிப்பதை, அதாவது பிடபிள்யூஎம்மை, அளந்து காட்டிய ரிவ்யூ ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

படி 5: சொல்பவரை எடை போடுங்கள்

விமர்சகரிடம் மூன்று கேள்வி. மானிட்டரைக் காசு கொடுத்து வாங்கினாரா, நிறுவனம் அனுப்பியதா? கருவி வைத்து அளந்தாரா, கண்ணால் பார்த்துச் சொன்னாரா? எப்போது எழுதியது, அதற்குப் பிறகு ஃபர்ம்வேர் (மானிட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) மாறியதா? ஆர்டிங்ஸ் தளத்தார் சோதிக்கும் மானிட்டரைத் தாங்களே வாங்குகிறார்கள், அளவுகளை அட்டவணையாகக் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில்கூட மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உங்கள் தாளில் உள்ள வரிக்குரிய அளவை மட்டும் பாருங்கள். ஆனால் ஒன்று: எவ்வளவு நல்ல விமர்சகரும் பொதுவாகப் பார்ப்பது ஒரே ஒரு பீஸைத்தான். பின்ஒளிக் கசிவு, செத்த பிக்சல், திரையின் ஒரு பக்கம் மஞ்சளாக இருப்பது எல்லாம் பீஸுக்குப் பீஸ் மாறும். அந்த விஷயத்தில் பொதுமக்கள் சொல்வதுதான் கணக்கு.

அவர்கள் எழுதியதில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் முதலில் தொடாதீர்கள். இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள்தான் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதுவார்கள். பெட்டி நசுங்கி வந்தது, டெலிவரி தாமதம் போன்றவற்றைத் தாண்டிப் போங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்து எழுதியவருக்கு முதல் நாள் எழுதியவரைவிட மதிப்பு அதிகம். ஒரே புகார், ஒருவரையொருவர் அறியாத பலரிடமிருந்து, ஒரே விவரத்தோடு வருகிறது என்றால் நம்பலாம். தூக்கத்திலிருந்து எழும்போது மானிட்டர் சிக்னலைத் தவறவிடுகிறது என்பது போன்றவை அப்படித்தான் வெளியே வரும்.

மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினால் பேனலே வேறாக இருக்கலாம். விற்பனைப் பக்கங்களில் 24, 27, 32 அங்குல மாடல்களின் கருத்துகளை ஒரே இடத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் படிப்பது எந்த அளவுக்கு எழுதியது என்று பார்க்காமல் படித்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

படி 6: வந்ததும் நீங்களே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், யார் செலவில் என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். கருத்துகள் இரண்டுபட்டுக் கிடக்கும் மாடல் என்றால் இந்த விதிக்காகவே விற்பவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, டைனமிக் கான்ட்ராஸ்ட், தானியங்கி பிரைட்னஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். சரியான ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் வருகிறதா என்று பார்த்த பிறகு முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, செத்த பிக்சலைத் தேடுங்கள். நடுத்தரச் சாம்பலில் அழுக்குத் திட்டுப் போல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். நகர்வைச் சோதிக்க டெஸ்ட் யூஎஃப்ஓ இணையதளம், கான்ட்ராஸ்ட்டுக்கும் காமாவுக்கும் (இடைப்பட்ட நிறங்களின் வெளிச்ச அளவு) லாகோம் இணையப் பக்கங்கள், இரண்டுமே இலவசம்.

இருட்டில் கறுப்புத் திரையின் மூலையில் ஒளி தெரிந்தால் உடனே பதறாதீர்கள். தலையை நகர்த்துங்கள், பின்னால் தள்ளி நில்லுங்கள். ஒளி இடம் மாறினால், குறைந்தால், அது ஐபிஎஸ்ஸின் இயல்பான பளபளப்பு. மாற்றி வாங்கினாலும் அதுவேதான் வரும். அசையாமல் அதே இடத்தில் நின்றால் கசிவு. போன் கேமராவில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருட்டில் அது எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கிவிடும். இணையத்தில் பார்க்கும் பயங்கரக் கசிவுப் படங்களில் பலவும் அப்படி எடுத்தவையே.

அப்புறம் உங்கள் தாளை எடுத்து, அதில் முதல் வரியில் எழுதிய வேலையை அதே மேசையில், அதே வெளிச்சத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். செத்த பிக்சல் ஒன்றிரண்டு இருந்தால் வாரன்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பல நிறுவனங்கள் வாரன்டியில் சில பிக்சல்களைக் குறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் மாற்றுவதுதான் சுலபம். அதுவரை பெட்டி, தெர்மாகோல், ஸ்டாண்டு திருகுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.