ஓரமாகப் போனால் பத்திரமா? சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காலத்தில் ராத்திரி விளக்கில்லாமல் சைக்கிளில் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்துவார். வால்டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டு, "தள்ளிட்டுப் போ" என்பார். இப்போது யாரும் நிறுத்துவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி புக் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட்கூடச் சட்டப்படி கட்டாயமில்லை. அதனாலேயே சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளை அதிகம் தொடுவதில்லை, சரி. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், அதாவது இ.பி.கோ.வில், 279) பொதுச் சாலையில் எந்த வாகனத்தையும் ஆபத்து உண்டாக்கும்படி கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. அந்த 'எந்த வாகனத்திலும்' சைக்கிளும் உண்டு. 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சைக்கிள்காரர்கள் திமிரில் தப்பு செய்வது குறைவு. பத்திரம் என்று நம்பிச் செய்வதுதான் அதிகம், அடிபடுவதும் பெரும்பாலும் அதில்தான் என்பது என் அனுபவம்.

முதலில் ராங் சைடு. சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் காலையில் நின்று பாருங்கள், யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று எதிர்த்திசையில் வருகிற சைக்கிள்கள் எத்தனை! கேட்டால், "எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுமே, பின்னாடி வர்றது தெரியுமா?" என்பார்கள். நடந்து போகிறவர்களுக்கு அது நல்ல யோசனைதான், வலப்பக்கம் நடக்கச் சொல்வதே அதற்காகத்தான். சைக்கிளுக்குக் கணக்கு வேறு. நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், ஒரு பைக் 45-ல் வருகிறது என்று வையுங்கள். ஒரே திசை என்றால் அது உங்களை நெருங்கும் வேகம் 30. எதிரெதிர் என்றால் 60. ஐம்பது மீட்டர் தூரத்தில் அவர் உங்களைப் பார்த்தால் முதல் வகையில் 6 விநாடி கையிலிருக்கும், இரண்டாவதில் 3. போதாததற்கு, சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறுகிறவர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். அவருக்கு இடப்பக்கத்திலிருந்து சைக்கிள் வரும் என்று அவர் கனவிலும் நினைப்பதில்லை.

அடுத்தது, அம்மா சொல்லி அனுப்புகிற "ஓரமாப் போ". இடப்பக்கம் போக வேண்டும் என்பது சரி, ஆனால் ஓரத்திலும் ஓரமாக ஒட்டிக்கொள்வதில்தான் வினை. அங்கேதான் மணல் சேர்ந்திருக்கும், சாக்கடை மூடி அமுங்கியிருக்கும், மேலே மேலே தார் போட்டதில் ரோட்டு விளிம்பு இரண்டு மூன்று அங்குலம் படியாக நிற்கும். அந்தப் படியில் டயர் ஒருமுறை இறங்கிவிட்டால் சாய்வாக ஏற்ற முடியாது. ஏற்றப் பார்த்தால் டயர் உரசி, சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து, நீங்கள் வண்டிகளுக்கு நடுவே விழுவீர்கள். விளிம்பிலிருந்து இரண்டரை மூன்றடி உள்ளே, வளையாமல் நேராகப் போவது நல்லது. பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும், ஹார்ன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகும்போதும் இதே இடைவெளி வேண்டும், ஏனென்றால் கார்க்கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய மூன்றடி நீளும். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று உள்ளே வளைந்து மறுபடி வெளியே வருவது இன்னும் மோசம்.

பஸ் விஷயத்தில் நானே பாடம் படித்தவன். நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நடு ரோட்டிலேயே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. இடப்பக்கம் நான்கடி இடைவெளி. புகுந்துவிட்டேன். பாதி தூரம் போவதற்குள் படியிலிருந்து ஒரு பெரியவர் கூடையோடு இறங்கினார், அதே நேரம் பஸ்ஸும் ஓரம்கட்ட உருளத் தொடங்கியது. கூடை, கத்தரிக்காய், நான் எல்லாம் ஒன்றாகச் சரிந்தோம். பெரியவர் என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பஸ், லாரி இரண்டுக்கும் இடப்பக்கம் டிரைவருக்குக் கண் எட்டாத பெரிய இடம் இருக்கிறது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலும் போகாது, உள்வாங்கி ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும். சிக்னலில் லாரியின் இடப்பக்கம் போய்ச் சொருகிக்கொள்வது அதனால்தான் ஆபத்து. பின்னாலேயே நில்லுங்கள்.

பிரேக்கிலும் ஒரு நம்பிக்கை உண்டு: முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம். இப்படிப் பயந்து பின் பிரேக்கை மட்டுமே பிடித்துப் பழகியவர்களுக்கு அவசரத்தில் சைக்கிள் நிற்காது, சறுக்கும். நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால் பிடிமானம் அங்கேதான் அதிகம். இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்துங்கள். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும், ஆகவே முன்கூட்டியே லேசாக அழுத்தி வையுங்கள். ஹேண்டில்பாரில் தொங்கும் பை, செயினுக்குப் பக்கத்தில் பறக்கும் துப்பட்டா, இவற்றைப் பற்றி வீட்டில் போதுமான அளவு திட்டியிருப்பார்கள்.

வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? இடது ஓரத்திலிருந்து சட்டென்று குறுக்கே பாயாதீர்கள். திரும்பிப் பார்த்து, கை காட்டி, முன்பே நடுவுக்கு வந்துவிட வேண்டும். தைரியம் இல்லையென்றால் சந்திப்பைத் தாண்டி ஓரம்கட்டி, இறங்கி, ஜீப்ராவில் தள்ளிக்கொண்டு போங்கள். நான் அண்ணா சாலையில் இதைத்தான் செய்கிறேன், வெட்கமே இல்லை.

ராத்திரியில் தெரு விளக்கு இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். உங்களுக்கு ரோடு தெரிவது வேறு, உங்களை அடுத்தவர் பார்ப்பது வேறு. பழைய சைக்கிள்களில் பின் மட்கார்டு நுனிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பது சும்மா அழகுக்கில்லை. பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் வாங்கிய பிள்ளைகள் முதல் வேலையாக ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடுகிறார்கள், ஸ்டைலாக இல்லையாம். சீட்டுக்குக் கீழே மாட்டுகிற சிவப்பு டேஞ்சர் லைட் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கிறது.

பேட்டரி சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் லைசென்ஸ், பதிவு வேண்டாம் என்ற சலுகை. கடையில் "வேகத்தைக் கூட்டித் தர்றேன் சார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி, அடிபட்ட பிறகு நடக்கும் தவறு. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே, எனக்கு எப்படிப் பணம் வரும் என்று விட்டுவிடுகிறார்கள். இடித்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்துதான் இழப்பீடு வர வேண்டும். ராங் சைடில் வந்தீர்கள், விளக்கில்லை என்றால் "இவர் பங்குக்கும் தப்பு உண்டு" என்று அந்தக் கம்பெனி வக்கீல் தொகையைக் குறைக்கப் பார்ப்பார். வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்கூட, 2022 ஏப்ரல் 1 முதல் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் உண்டு. இதற்கெல்லாம் முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் எழுதுகிற ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். எங்கள் தெருக்காரர் ஒருவரை வேன் இடித்துவிட்டுப் போனது, முழங்கை உடைந்தது. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்று ஆஸ்பத்திரியில் "தானா விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள். பிறகு வேனின் நம்பரே கிடைத்தது, ஆனால் அந்த ஒரு வரியை மாற்ற ஆறு மாதம் நடந்தும் முடியவில்லை.