துருப்பிடித்த பழைய வைஸைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி?

புது வைஸ் (சாமானை இரு தாடைகளுக்கிடையே இறுக்கிப் பிடிக்கும் மேசைக் கருவி) வாங்கக் காசு சேர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மலையகத்தில் பழைய இரும்புக் கடைகளிலும் கராஜ்களின் பின்பக்கத்திலும் நல்ல இங்கிலாந்து வைஸ்கள் இன்னும் துருவோடு துருவாகக் கிடக்கின்றன. துரைமார் காலத்தில் கொழுந்து உருட்டும் மெஷின் கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனியிலிருந்தும், தூள் காயவைக்கும் சிரொக்கோ பெல்ஃபாஸ்டிலிருந்தும் வந்தன. வர்க்‌ஷொப் மேசைக்கு வந்தவற்றில் ஷெஃபீல்டின் ‘ரெக்கோர்ட்’, ஷிப்லியின் ‘பார்க்கின்சன்’ இரண்டும் உண்டு. எனக்குப் பிடித்தது ரெக்கோர்ட். 3ஆம் நம்பர் என்றால் தாடை 4 இஞ்சி, 5 என்றால் 5 இஞ்சி, 6 என்றால் 6 இஞ்சி. வீட்டு வேலைக்கு 3ஆம் நம்பரே தாராளம்.

1. வாங்கும்போது

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெடிப்பைப் பார்த்துப் பயப்படுங்கள். சிறு சுத்தியலால் உடம்பைத் தட்டினால் நல்ல வார்ப்பிரும்பு ஓரளவு கணீரென்று ஒலிக்கும். வெடித்தது பொத்தென்று கேட்கும். அசையும் தாடையின் அடிப்பக்கத்தையும், நட் உட்காரும் இடத்தையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பித்தளை நிறத்தில் ஒட்டுத் தடம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பை ஒட்டவே முடியாது என்றில்லை. முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் வெல்டிங் கூர் போட்டு, மெதுவாக ஆறவிடத் தெரிந்த பாஸ் (தொழில் தெரிந்த மேஸ்திரி) ஒருவர் வேண்டும். அவ்வளவு பாடு தேவையில்லை.

தேயிலைத் தோட்டத்தின் பெயரெழுத்து வெட்டியிருந்தால் திருட்டுச் சாமானாக இருக்கலாம், கடைக்காரரிடம் பில் கேளுங்கள். பில் தரத் தயங்கினால் அந்தச் சாமான் நமக்கு வேண்டாம்.

2. பிரித்தல்

கைப்பிடியை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் முன் தாடை கழன்று கைக்கு வரும். பாரமானது, காலில் போட்டுக்கொள்ளாதீர்கள். நட், பின், வாஷர் எல்லாவற்றையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

3. தாடைத் தகட்டின் ஸ்குரூ

என் நேரத்தை எல்லாம் தின்றது இந்த இடம்தான். தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ பல வருடத் துருவில் இறுகிப்போயிருக்கும். தலையில் இருக்கும் வெட்டும் பாதி தேய்ந்திருக்கும். முதலில் ஊசியால் அந்த வெட்டுக்குள் இருக்கும் அழுக்கைத் தோண்டி எடுங்கள். கியர்பொக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு இரவு வையுங்கள். கடையில் விற்கும் ஸ்பிரேயை விட இதையே நான் நம்புகிறேன். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். மறுநாள் அதைத் துடைத்துக் காயவிட்ட பிறகே கேஸ் டோர்ச்சால் தகட்டைச் சுற்றிச் சூடாக்குங்கள். சூடு ஆறியதும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர். அதன் நுனி வெட்டுக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் அரத்தால் ராவிப் பொருத்துங்கள்.

பழைய ஸ்குரூ வெளியே வந்த பிறகுதான் அடுத்த சிக்கல். ஹார்ட்வெயார் கடையில் அளவு காட்டினால் எம் 8 (8 மில்லிமீட்டர் மெட்ரிக்) ஸ்குரூவை எடுத்து நீட்டுவார்கள். அது ஓட்டையில் ஒன்றிரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு நிற்கும். அங்கே பலம் போட்டால் வைஸின் மரை போய்விடும். பழைய இங்கிலாந்துச் சாமான்களில் பெரும்பாலும் விட்வர்த் மரை, அதாவது இஞ்சிக் கணக்கில் வெட்டும் பழைய இங்கிலாந்து மரை. 5/16 இஞ்சி விட்வர்த் 7.94 மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு இஞ்சிக்கு 18 சுற்று. எம் 8க்கு ஒரு இஞ்சிக்கு ஏறத்தாழ 20. தடிப்பு ஒன்றுபோல இருப்பதால் கண் ஏமாறும். மரை அளக்கும் கேஜ் இல்லாவிட்டால், பழைய ஸ்குரூவையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையே வெளிச்சம் தெரிந்தால் பொருந்தாது.

விட்வர்த் கிடைக்காவிட்டால் அமெரிக்க இஞ்சி மரையான யூஎன்சி தேடுங்கள். 1/4, 5/16, 3/8 மூன்றிலும் இரண்டுக்கும் சுற்று எண்ணிக்கை ஒன்றே. மரையின் கோணம் மட்டும் 55, 60 என்று வேறுபடும். தாடைத் தகடு பிடிக்க அது போதும். 1/2 இஞ்சியில் இது பலிக்காது. அங்கே விட்வர்த்துக்கு 12 சுற்று, யூஎன்சிக்கு 13. கொழும்புப் பக்கம் போனால் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விசாரித்துப் பாருங்கள். இல்லையேல் லேத் பாஸிடம் பழைய ஸ்குரூவைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

4. துரு எடுத்தல்

சின்னச் சாமான்களை வினாகிரியில் ஒரு இரவு ஊறவைத்து பிரஷ் போடலாம். உடம்புக்குக் கரண்ட் முறை நல்லது. பிளாஸ்டிக் வாளியில் 4 லீட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வொஷிங் சோடா. 12 வோல்ட் பெட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வைஸுக்கு, பொசிட்டிவ் ஒரு கொங்கிரீட் கம்பித் துண்டுக்கு. இரண்டும் தொடக்கூடாது. மாற்றிக் கொடுத்தால் வைஸ்தான் கரையும். உப்புப் போடாதீர்கள். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் வாசலில், காற்றோட்டமான திறந்த இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

(பின்சேர்க்கை: “சார்ஜர் வேலை செய்யவில்லை” என்று பலர் எழுதியிருந்தீர்கள். புது ரக சார்ஜர்கள் எதிரே பெட்டரி இருந்தால்தான் கரண்ட் விடும். பழைய டிரான்ஸ்ஃபோமர் சார்ஜர் ஒன்று தேடுங்கள்.)

எடுத்ததும் சுடுதண்ணீரில் கழுவி, விறகடுப்புப் பக்கம் காயவைத்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே ஒயில் பூசிவிடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஆடி மாதத்தில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் செம்மஞ்சள் துரு திரும்பப் படிந்துவிடும். பண்டாரவளைக்காரர்களுக்கு அப்போது வெயில், பாக்கியவான்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடி உரசாதீர்கள். புதுப் பெயின்ட் உங்கள் இஷ்டம். சறுக்கும் பகுதியிலும் மரையிலும் படாமல் பாருங்கள், அங்கே கிரீஸ் மட்டும்.

5. பொருத்துதல், பாவித்தல்

தாடையின் மேல்பக்கம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரட்டும். அசையாத தாடை மேசை விளிம்பைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியை நிமிர்த்திப் பிடிக்கலாம். மேசைக்குத் தடித்த யூகலிப்டஸ் பலகை போதும், அல்பீசியா நசுங்கிவிடும். போல்ட்டுக்கு அடியில் பெரிய வாஷர் போடுங்கள்.

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டப் பிடிக்கும்போது இரு பக்கமும் மரத்துண்டு வையுங்கள். தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் சாமானைப் பிடித்தால், மறு ஓரத்தில் அதே தடிப்பில் ஒரு துண்டைச் செருகுங்கள், தாடை கோணாது. அடிக்கும் வேலை என்றால் அசையாத தாடையை நோக்கி அடியுங்கள். இறுக்கவில்லை என்று கைப்பிடியில் பைப் மாட்டி நெம்பும் பழக்கம் கராஜ்களில் உண்டு. உங்கள் வைஸில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.