பனி மூடிய மலைச்சரிவின் சாய்வை ரெண்டு ஸ்கீ குச்சியை வைத்தே பார்க்கலாம்

காஷ்மீரில் குல்மார்க் பக்கம் ஸ்கீ டூரிங் (பனிச்சறுக்குக் கட்டையோடு மலை ஏறி, சறுக்கி இறங்குவது) கிளம்புகிற வேலூர்க்காரர்கள் ஊரிலேயே பழகிக்கொண்டு போக வேண்டியது ஒன்று இருக்கிறது. பனிப்பாளம் உடைந்து சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான், ஆனால் வெறும் கண்ணால் பார்த்தால் 25-ம் 35-ம் ஒரே மாதிரிதான் தெரியும்.

கையில் ஊன்றிப் போகிற ஸ்கீ குச்சி, ஒரே நீளத்தில் ரெண்டு இருந்தால் போதும். ஒன்றை, கூர்முனை மேட்டுப்பக்கம் இருக்கிற மாதிரி சரிவில் நேர்கீழாகப் படுக்க வைத்து அழுத்தினால் தடம் விழும். கூர்முனையை நகர்த்தாமல் கைப்பிடியை மட்டும் தூக்குங்கள், அதோடு ரெண்டாவது குச்சியின் கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் நுனி தரையைத் தொடும் வரை ரெண்டு கைப்பிடியையும் சேர்த்தே ஏற்றி இறக்கிப் பாருங்கள். தடத்தின் கீழ்முனையில் சரியாகத் தொட்டால் 30 டிகிரி. அதற்கும் கீழே தொட்டால் அதைவிடச் செங்குத்து; 120 செ.மீ. குச்சி என்றால் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறக்குறைய 3 டிகிரி கூடும். மேலே தொட்டால் 30-க்குக் குறைவு.

பழக ஜவ்வாது மலை வரைக்கும் போக வேண்டாம், காட்பாடியில் வீடு கட்டுகிற இடத்தில் லாரி கொட்டிவிட்டுப் போன காய்ந்த மணல் குவியலே 30-35 டிகிரி சாய்வில்தான் நிற்கும் (மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!). போனிலும் சாய்வுமானி உண்டு, சரி, ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

அப்புறம், நிற்கிற இடத்தை மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், தலைக்கு மேலே இருக்கிற சரிவையும் பாருங்கள், அங்கே உடைந்தாலும் வந்து விழுவது உங்கள் மேல்தான்.