அரசுப் பள்ளியில் மாதவிடாய் கால வசதி: நாப்கின் வாங்கும் முன் தாழ்ப்பாளைப் பாருங்கள்

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதவிடாய் நாட்களில் ஏதாவது வசதி செய்து தரலாம் என்று யார் கிளம்பினாலும் முதலில் வாங்குவது நாப்கின்தான். பெட்டி பெட்டியாக வாங்கி, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். கொடுக்கிற மனசு நல்ல மனசுதான். ஆனால் அதை மாற்றிக்கொள்ளப் பள்ளியில் ஓர் இடம் இல்லையென்றால் அந்த நாப்கின் பையிலேயே கிடக்கும். காலையில் வீட்டில் வைத்ததோடு சாயங்காலம் வரை அவள் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் அந்த நாலைந்து நாளும் பள்ளிக்கே வரமாட்டாள். தலைமை ஆசிரியரோ, பெற்றோரோ, முன்னாள் மாணவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து, கழிவறைக்குப் போய், மாற்றிக்கொண்டு, திரும்பி வந்து உட்காருகிற அந்தப் பத்து நிமிடத்தை முதலில் நீங்களே நடந்து பாருங்கள்.

முதல் தடை வகுப்பறையிலேயே இருக்கிறது. பாடம் நடக்கும்போது கசிவதுபோல் இருக்கிறது, எழுந்து நின்று அனுமதி கேட்கிறாள், "இன்டர்வெல்லில் போயிருக்கலாமே" என்று ஒரு பதில் வருகிறது. அவ்வளவுதான், அப்புறம் அவள் கேட்கவே மாட்டாள். இதற்கு ஒரு காசு செலவில்லாத தீர்வு: கை தூக்கினால் போகலாம், ஏன் என்று கேட்கக் கூடாது, பையனோ பெண்ணோ எல்லாருக்கும் இதே விதி. எல்லாருக்கும் என்பது முக்கியம், இல்லையென்றால் எழுந்து போகிற பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும். சாக்குச் சொல்லி வெளியே சுற்றுவார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். ஒன்றிரண்டு பேர் சுற்றத்தான் செய்வார்கள், சுற்றட்டும்.

அடுத்தது கழிவறைக்குப் போகிற வழி. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் பள்ளிகளுக்காக வெளியிட்ட தரநிலைகளில் 25 மாணவிகளுக்கு ஒரு கழிவறை, ஆசிரியைகளுக்குத் தனியாக ஒன்று, எதுவும் 30 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்று இருக்கிறது. 250 மாணவிகள் என்றால் பத்துக் கழிவறை. உங்கள் பள்ளியில் மூன்றுதான் இருக்கிறது என்றால் உடனே புதிதாகக் கட்ட முடியாமல் போகலாம், ஆனால் இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரித்துவிட்டால் வரிசை குறையும். பூட்டு விஷயத்தையும் பாருங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் என்று பூட்டி, சாவியை அலுவலக அறையில் மாட்டியிருக்கும் நல்ல கழிவறை பல பள்ளிகளில் உண்டு. ஆண் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குப் போய்ச் சாவி கேள் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வதும், உனக்குக் கழிவறை கிடையாது என்று சொல்வதும் ஒன்றுதான்.

இப்போது உள்ளே போங்கள், கதவைச் சாத்துங்கள். நிஜமாகவே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்டுப் பட்டுக் கதவின் அடிப்பக்கம் ஊறி, தாழ்ப்பாள் கம்பி ஓட்டைக்கு நேராக வராமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். பூட்டு கழன்றுபோன இடத்து ஓட்டையில் நோட்டுத்தாளைச் சுருட்டிச் செருகி வைத்திருப்பார்கள். அது எதற்காகச் செருகப்பட்டது என்று யோசித்தாலே போதும், உங்கள் முதல் செலவு எது என்று தெரிந்துவிடும். ஒரு தோழியைக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்தாமல் உள்ளே போக முடியாத கழிவறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பள்ளிக் கழிவறைகளைக் கணக்கெடுக்கும்போது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆண், பெண்ணுக்குத் தனித்தனியாக இருக்கிறதா என்பதோடு மூன்று கேள்விகளைக் கேட்கின்றன: திறந்திருக்கிறதா, வேலை செய்கிறதா, உள்ளிருந்து மூடிக்கொள்ள முடிகிறதா. எத்தனை கட்டடம் நிற்கிறது என்று எண்ணாமல் இந்த மூன்றையும் எண்ணுங்கள்.

கொக்கி ஒன்று அடியுங்கள், கதவின் உட்பக்கம், தோள் உயரத்தில். சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கையில் புது நாப்கின், இன்னொரு கையில் பழையது, தரையெல்லாம் ஈரம், பாவாடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பிள்ளை மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். கொக்கியோடு ஒரு சின்னத் தட்டும் இருந்தால் அவள் பாடு பாதி குறைந்துவிடும். விளக்கு எரிய வேண்டும், ஜன்னல் உயரத்தில் இருக்க வேண்டும், சுவருக்கு மேல் எட்டிப்பார்க்க இடம் இருக்கக் கூடாது. கண்ணாடி ஒன்று, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் தெரிகிற மாதிரி, கை கழுவும் இடத்தில் மாட்டுங்கள். கறை பட்டிருக்கிறதா என்று தோழியிடம் கேட்காமல் அவளே பார்த்துக்கொள்வாள்.

தண்ணீர் அறைக்குள்ளேயே வர வேண்டும். வெளியே உள்ள தொட்டியிலிருந்து வாளியில் தூக்கி வரச் சொன்னால், கையில் கறையோடு எல்லார் முன்னாலும் நடக்க வேண்டியிருக்கும். எவ்வளவு வேண்டும் என்று தொட்டி வாங்கும் முன்னால் கணக்குப் போடுங்கள்: பகல் நேரப் பள்ளியில் குடிக்க, கை கழுவ என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், நீங்களே தண்ணீர் ஊற்றும் கழிவறைக்கு அதற்கு மேல் ஒன்றரை முதல் 3 லிட்டர், சிஸ்டன் (ஃப்ளஷ் தொட்டி) வைத்த கழிவறை என்றால் 10 முதல் 20 லிட்டர். முன்னால் சொன்ன உலக சுகாதார நிறுவனத் தரநிலைதான் இதையும் சொல்கிறது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள பள்ளியில் சிஸ்டன் வைத்துக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, வாளியும் மக்குமே போதும். சோப்பு காணாமல் போகிறது என்று வைக்காமல் விடாதீர்கள். வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டுங்கள், அல்லது சோப்புத் தண்ணீரைப் பாட்டிலில் கரைத்து வையுங்கள்.

சரி, கழற்றியதை எங்கே போடுவாள்? பள்ளிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில் நாப்கின் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலும், சிஸ்டனுக்கு மேலும், கடைசியில் கழிவறைக் குழிக்குள்ளும் போகிறது. உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொருள் தண்ணீரைக் குடித்து ஊதிக் குழாயை அடைத்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் கழிவறையைப் பூட்டிவிடுவார்கள், அதோடு இருந்த ஒன்றும் போயிற்று. அதனால் ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட, காலால் மிதித்துத் திறக்கும் தொட்டி ஒன்று, உள்ளே பை, பக்கத்தில் சுற்றிப்போடப் பழைய செய்தித்தாள் துண்டுகள். வெளியே பொது இடத்தில் ஒரு பெரிய தொட்டி வைப்பதால் பிரயோஜனம் இல்லை, யாரும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வரமாட்டார்கள்.

எரிக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வாங்கும் முன் ஒரு கணக்கு. மாதவிடாய் வந்த 100 மாணவிகள் இருந்தால், எந்த ஒரு நாளிலும் சுமார் 15 முதல் 20 பேருக்கு மாதவிடாய் இருக்கும். பள்ளி நேரத்தில் ஆளுக்கு இரண்டு என்றால் நாளுக்கு 30 முதல் 40 நாப்கின். ஒரு தடவைக்கு நாலைந்து மட்டும் எரிக்கும் சின்ன இயந்திரத்தை யாராவது பக்கத்திலேயே நின்று திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். நாப்கினில் பிளாஸ்டிக் நிறைய இருக்கிறது. சூடு போதாமல் கருகினால் புகை கெட்ட புகை, டையாக்சின் போன்ற நச்சு அதில் வரலாம், அதுவும் வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில். 800 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாத, உயரமான புகைபோக்கி இல்லாத இயந்திரத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் பகுதியில் சுகாதாரக் கழிவைத் தனியாக வந்து எடுத்துப்போகிறார்கள் என்றால் அதுவே நல்லது. பையைக் கட்டி, மேலே அடையாளம் போட்டுக் கொடுத்துவிடலாம்.

அதை எடுத்து வைப்பதும் ஒரு மனிதர்தான், பெரும்பாலும் மிகக் குறைந்த சம்பளத்தில் ஓர் அம்மா. அவருக்குக் கையுறை, முகக்கவசம், நீளக் கைப்பிடி பிரஷ் வேண்டும், தினமும் பையை மாற்ற நேரமும் சரியான சம்பளமும் வேண்டும். பிள்ளைகளை விட்டுக் கழிவறை கழுவவைப்பது கூடவே கூடாது. திட்டம் போடும் கூட்டத்தில் அந்த அம்மாவையும் உட்கார வையுங்கள். எந்தக் குழாய் அடைக்கும், எந்தத் தொட்டி சீக்கிரம் நிரம்பும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் ஆன பிறகு நாப்கின். காசு போட்டு எடுக்கும் இயந்திரத்தை வராந்தாவில் வைத்துவிட்டு, அதுவும் பாதி நாள் சிக்கிக்கொள்வதைவிட, கழிவறைக்குள்ளேயே ஒரு திறந்த பெட்டியில் வையுங்கள். ஸ்காட்லாந்தில் 2022 ஆகஸ்ட் முதல் பள்ளிகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டமே நடைமுறைக்கு வந்தது, அதில் சுலபமாகக் கிடைக்க வேண்டும், மரியாதையாகக் கிடைக்க வேண்டும் என்று இரண்டும் எழுதியிருக்கிறது. கொடுத்தோமா என்பதோடு எப்படிக் கொடுத்தோம் என்பதையும் அந்தச் சட்டம் பார்க்கிறது. பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவேடு வேண்டாம். முதல் சில வாரம் பெட்டி வேகமாகக் காலியாகும், வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள், வீட்டில் இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? தினமும் நிரம்பும் என்று நம்பிக்கை வந்துவிட்டால் பதுக்க மாட்டார்கள். பள்ளி நேரத்துக்கு மட்டும் என்றால், 100 பேருக்கு மாதம் சுமார் 800 வேண்டும். வீட்டுக்கும் சேர்த்து என்றால் 2,000 வரை போகும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் பெட்டி மேல் எழுதி ஒட்டுங்கள்.

நாப்கின் ஒட்டுவதற்கு உள்ளாடை வேண்டும் என்பதைக் கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். சில பிள்ளைகளிடம் இருப்பதே ஒன்றோ இரண்டோதான். புது உள்ளாடை, அடர் நிறத்தில் பாவாடையோ பேன்ட்டோ இரண்டு அளவுகளில், ஒரு துண்டு, இவற்றைப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஓர் ஆசிரியையின் அலமாரியில் வையுங்கள். வயிற்றுவலிக்கு வெந்நீர்ப் பை, அரை மணி நேரம் படுக்க ஒரு பாய். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது, தலைசுற்றி விழுகிறாள் என்றால் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ரத்தசோகையாகவோ ரத்தம் உறையாத குறையாகவோ இருக்கலாம்.

சொல்லிக்கொடுப்பதை எட்டாம் வகுப்புக்குத் தள்ளாதீர்கள். பத்து வயதிலேயே சிலருக்கு வந்துவிடுகிறது, அதற்கும் முன்னாலும் வரலாம், முன்கூட்டித் தெரியாத பிள்ளை உடம்பில் ஏதோ அடிபட்டுவிட்டது என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருக்கும். நாலாம், ஐந்தாம் வகுப்பில் தொடங்குங்கள். பையன்களுக்கும் சொல்லுங்கள், கேலி அங்கேதான் நிற்கும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அகலக் கதவும், கைப்பிடியும், உள்ளே நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடமும் உள்ள அறை ஒன்றாவது வேண்டும்.

என்ன குறை என்று கைதூக்கச் சொல்லிக் கேட்டால் ஒருத்தியும் தூக்கமாட்டாள். பெயரில்லாத துண்டுச்சீட்டு, மூடிய பெட்டி, ஒரே கேள்வி: எந்தக் கழிவறைக்கு நீ போகமாட்டாய், ஏன்? அந்தப் பதில்களை வைத்து வேலையை வரிசைப்படுத்துங்கள்.

பணம் கேட்கும்போது கட்டடத்துக்கு மட்டும் கேட்காமல் மாதச் செலவுக்கும் கேளுங்கள். சோப்பு, பை, நாப்கின், சம்பளம், உடைந்த குழாய் எல்லாம் ஒவ்வொரு மாதமும் வரும், இதற்கென்று தனித் தலைப்பு இல்லாத பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான். பொறுப்பை ஒரே ஓர் ஆளின் பெயரில் எழுதுங்கள், அவர் விடுப்பு எடுத்தால் அடுத்தது யார் என்பதையும். பொதுத்தேர்வு நாட்களை விட்டுவிடாதீர்கள். வேறு பள்ளிப் பிள்ளைகளும் வந்து மூன்று மணி நேரம் உட்காருவார்கள், அந்தப் பெட்டி அன்றைக்கும் நிரம்பியிருக்க வேண்டும், எழுந்து போக அனுமதி உண்டு என்று தேர்வு தொடங்கும் முன்னாலேயே கண்காணிப்பாளர் சொல்லிவிட வேண்டும். அப்புறம் நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் போய்த் தொட்டியைக் கழுவி, ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.