திடீர்ப் பயணத்துக்கு ஒரு ஆயத்தப் பை

"நாளைக்குப் போயா லீவு, முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போவமா?" எண்டு பெடியள் கேட்டால், சாமான் தேடுறதிலேயே விடியப்புறம் போயிடும். அதைத் தீர்த்தது கதவடியில எப்பவும் கட்டிவைச்சிருக்கிற ஒரு பைதான்.

பஞ்சர் ஒட்டுற சாமான், கைப்பம்பு, ரோச் லைற், ஜீவனி (உடம்பில தண்ணி வத்தினால் கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள்) 4 பைக்கற். ரோச்சின் பற்றறியைக் கழற்றித் தனியே வையுங்கோ. உள்ளே கிடந்தால் கசிஞ்சு சுருள்கம்பியை அரிச்சுப்போடும். ஒருக்கால் திறந்த ஒட்டுப்பசை காய்ஞ்சுபோகும், புதுசு வாங்கிப் போடுங்கோ. ஜீவனி ஒரு பைக்கற்றுக்குச் சரியாக 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணி; கரைச்சதை 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்கக்கூடாது.

குடிதண்ணி ஆளுக்கு 3 லீற்றர். பெற்றோலும் ரயர் காத்தும் முதல்நாள் பின்னேரமே பாருங்கோ.

மார்கழி மழையில காட்டுப் பாதை வேண்டாம். மிதிவெடிச் சிவப்புப் பலகை கண்டால் குறுக்குவழியே எடுக்காதேங்கோ. யானை இறங்கமுதல், 5 மணிக்குள்ள தார் றோட்டுக்கு வந்திடுங்கோ.